கண்மாய்க் கொட்டி: கேட்டவர்களுக்குப் பதில்

எங்கள் கண்மாயில் நீள இலை மிதக்கிறது, நடுவில் வெளிர் ஊதாக் கதிர் நிமிர்ந்து நிற்கிறது. என்ன செடி?
கொட்டி. தாவரவியலில் அப்போனோஜீட்டன் நேட்டன்ஸ். இந்தியாவும் இலங்கையும் இதன் சொந்த மண். ஆழம் குறைந்த கண்மாய் ஓரம், வயல், வாய்க்கால் பள்ளம் என்று வளரும்.

கோடையில் செத்துவிடுமா?
இலைதான் போகும். கிழங்கு சேற்றுக்குள் கிடந்து, ஐப்பசி மழையில் தண்ணீர் நின்றதும் துளிர்க்கும். மூதுரையில் ஔவையார், குளம் வற்றியதும் பறந்துபோகும் பறவைக்கு எதிராக, கூடவே கிடக்கும் உறவுக்குக் கொட்டி, ஆம்பல், நெய்தல் மூன்றையும் காட்டுவது சும்மா இல்லை.

இது ஆகாயத்தாமரையா?
இல்லை. அதற்குக் காம்பு உப்பியிருக்கும், வேர் தண்ணீரில் தொங்கும்.

தூர்வாரிய பிறகு எங்கள் குளத்தில் கொட்டியே இல்லை. ஏன்?
கிழங்கு இருப்பது மேல்சேற்றில். அதை மொத்தமாக அள்ளி, கரையைச் செங்குத்தாக வெட்டினால் எங்கிருந்து முளைக்கும்?

அப்போ தூர்வாரவே கூடாதா? எங்களுக்குத் தண்ணீர் வேண்டாமா?
நான் அப்படிச் சொல்லவில்லை. நடுவில் ஆழப்படுத்துங்கள், ஓரத்தில் சரிவான இடத்தைத் தொடாமல் விடுங்கள்.

ஓரத்தை விட்டால் ஆக்கிரமிப்புதான் வரும்.
வரும், நியாயமான பயம். அதற்கு எல்லைக்கல் நட்டு, வரப்பு போடுங்கள். ஆக்கிரமிப்புக்குப் பயந்து குளத்தையே கிணறாக்கினால் கொட்டி மட்டுமா போகும்? ஆழமில்லாத தண்ணீரில் இரை தேடும் கொக்கும் போகும்.

மீன்தொட்டியில் வைக்கலாமா?
வைக்கலாம். ஆனால் கடையில் கிழங்காக விற்பது பெரும்பாலும் இதன் உறவுச் செடி அப்போனோஜீட்டன் கிரிஸ்பஸ். இலை நெளிநெளியாகத் தண்ணீருக்குள் இருக்கும். கிழங்கின் நுனி மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். இலை உதிர்ந்தால் எறிந்துவிடாதீர்கள், ஓய்வெடுக்கிறது. தொட்டியில் மிஞ்சியதைக் குளத்தில் கொட்டவே கூடாது. ஆகாயத்தாமரையும் தென்னமெரிக்காவிலிருந்து அழகுக்கு வந்ததுதான்.

கிழங்கு சாப்பிடலாமா?
அவித்துச் சாப்பிடுவார்கள். இலங்கையில் கிரிஸ்பஸின் தண்டைக் கறி வைப்பார்கள், சிங்களத்தில் கெகட்டிய. சாக்கடை கலக்கும் குளத்துக் கிழங்கு வேண்டாம்.

படம் அனுப்பியிருக்கிறேன், இது கொட்டியா?
ஆகாயத்தாமரை. மேலே பாருங்கள்.

இதுவும்?
ஆகாயத்தாமரை.

ரோஜாவில் மாவுப்பூச்சி...
தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள்.