தாளம் அவர் கட்டைவிரலில்

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழில் பதில் சொல்பவர், புதுச்சேரியில் வளர்ந்து பாரிசில் வாழும் பாடகி. பிரேசிலிலிருந்து வந்த ஒரு கிட்டார் கலைஞரோடு இருவராக மேடையேறி, போர்த்துகீசிய மொழியில் பிரேசிலின் தாள இசையான சாம்பாவும், அதிலிருந்து கிளைத்த மென்மையான போசா நோவாவும் பாடுகிறார்.

*நீங்கள் பிரேசில்காரர் இல்லை. அந்த ஊர்ப் பாட்டைப் பிரான்சில் பாட உங்களுக்கு என்ன உரிமை என்று யாரும் கேட்டதில்லையா? – வாசகி, சென்னை*

நேராகவே கேட்டிருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பாரிசில் வேற்று நாட்டவர் சாம்பா பாடுவது என்னோடு தொடங்கியதில்லை. 1966-ல் பியர் பாரூ என்ற பிரெஞ்சுக்காரர், பிரேசில் கிட்டார் கலைஞர் பேடன் பவலின் கிட்டாரோடு ஒரு சாம்பாவைப் பிரெஞ்சில் பாடினார். அது சினிமாவிலும் வந்து நாடு முழுக்கப் பரவியது. அந்தப் பாட்டில் எனக்குப் பிடித்த இடம், சாம்பாவின் மூத்தவர்களைப் பெயர் சொல்லி வணங்குவது. பேடன் பவலும் கவிஞர் வினீசியஸ் ஜி மொராயிசும் எழுதிய மூலப்பாட்டிலேயே அந்த வணக்கம் இருக்கிறது. பாரூ அதை விடாமல் எடுத்துக்கொண்டார்.

நானும் அப்படித்தான் செய்கிறேன். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் எழுதியவர் யார், எந்த ஊர் என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குவேன். பிரேசிலில் அடிமை முறை 1888-ல்தான் ஒழிந்தது. பிரேசிலின் வடகிழக்கு மாநிலமான பாஹியாவிலிருந்து ரியோவுக்கு வந்து குடியேறிய கறுப்பினக் குடும்பங்களின் வீடுகளில், குறிப்பாகச் சியா சியாட்டா என்ற பெண்மணியின் வீட்டில், வழிபாடும் சமையலும் தாளமுமாக வளர்ந்தது சாம்பா. டோங்கா என்பவர் தேசிய நூலகத்தில் ஒரு சாம்பாவைத் தன் பெயரில் பதிவு செய்தது 1916-ல். போலீஸ் தொல்லையை எல்லாம் தாண்டி வந்த இசை அது. இதைத் தெரிந்துகொள்ளாமல் கடற்கரை, வெயில், மென்மை என்று மட்டும் பாடிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும்.

*தமிழ் நாக்குக்குப் போர்த்துகீசியம் வருமா? – வாசகர், மதுரை*

வரும். பிரேசில் உச்சரிப்பில் எல்லோரும் பயப்படுவது மூக்கொலிக்குத்தான். நமக்கு அது வீட்டுச் சொத்து! 'மரம்', 'பணம்' என்று பேச்சில் சொல்லிப் பாருங்கள். கடைசியில் உதடு மூடுகிறதா? மூடாது, 'ம்' என்று எழுதுகிறோம், சத்தத்தை மூக்கில் விட்டுவிடுகிறோம். அவர்களும் 'சிம்', 'போம்' என்று எழுதிவிட்டு உதட்டை மூடாமல்தான் சொல்வார்கள். மேடைத் தமிழ் பேசுகிற வாயை வீட்டிலேயே வைத்துவிட்டு, திண்ணையில் பேசுகிற வாயோடு பாட வாருங்கள் என்பேன்.

மற்றவை பழக்கத்தில் வரும். 'இ' ஒலி பின்னால் வந்தால் 'த' 'ச்ச' ஆகும், 'ட' 'ஜ' ஆகும்: இரவுக்கு 'நோய்ச்சி', நகரத்துக்கு 'சிடாஜி'. சொல்லின் முதலில் வரும் ரகரம் ஹகரமாகும். ரியோக்காரர்கள் தங்கள் ஊரை 'ஹியு' என்றுதான் சொல்வார்கள். கடைசியில் வரும் லகரம் உகரமாகி, நாட்டின் பெயரே 'பிரசியு'. லிஸ்பன்காரர்கள் உயிரெழுத்துகளைப் பாதி விழுங்கிவிடுவார்கள், அதனால் போர்ச்சுக்கல் ஆசிரியரிடம் கற்றுக்கொண்டு பிரேசில் பாட்டைப் பாடப் போகாதீர்கள். பாட்டை எடுத்தவுடன் ராகத்தில் பாடாமல், வரிகளைப் பேச்சாகவே திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். ஏன் என்பதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

*மிருதங்கம் கற்கிறேன். ட்ரம்ஸ்கூட இல்லாமல் ஒரு குரல், ஒரு கிட்டார் என்றால் சாம்பாவின் தாளம் எங்கே போகும்? – வாசகர், கும்பகோணம்*

எங்கேயும் போகாது. மொத்தமும் என் கிட்டார் கூட்டாளியின் வலது கையில் இருக்கிறது.

சாம்பா இரண்டு எண்ணிக்கைத் தாளம். ஊர்வலத்தில் 'சுர்டு' என்ற பெரிய முரசு இரண்டாவது அடியில்தான் கனமாக விழும். நமக்குச் சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அடியில், இருக்கிற கனம் அவர்களுக்கு அங்கே. 'தம்போரிம்' என்பது கையில் பிடித்துக் குச்சியால் தட்டும் சின்னப் பறை. அது இடையிடையே குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். பாஹியாவின் ஜுவாசெய்ரோவில் பிறந்த ஜோவான் ஜில்பெர்ட்டோ என்ற பாடகர் இந்த இரண்டையும் கிட்டாருக்குள் கொண்டுவந்தார். கட்டைவிரல் சுர்டு, மற்ற மூன்று விரல்கள் சேர்ந்து மீட்டுவது தம்போரிம். 1958-ல் பாடகி எலிசெச்சி கார்டோசோவின் இசைத்தட்டில் அவர் வாசித்த கிட்டாரிலும், அதே ஆண்டு வந்த அவருடைய சொந்தத் தட்டிலும் இதைக் கேட்கலாம். நைலான் தந்தி என்பதால் சத்தம் சன்னமாக இருக்கும். ஆனால் அதற்குள் ஒரு ஊர்வலமே நடந்துகொண்டிருக்கும்.

பாடுகிறவருக்குச் சிக்கல் இங்கேதான். விரல்கள் மீட்டும் கார்ட் (பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிப்பது) பல இடங்களில் அடிக்குச் சற்று முன்னாலேயே வந்துவிடும். அதைச் சமம் என்று எண்ணி அதன்மேல் ஏறி உட்கார்ந்தால் பாட்டு கவிழ்ந்துவிடும். குரல் அதிலிருந்து விலகி, கொஞ்சம் முந்தியோ பிந்தியோ, பேசுகிற மாதிரி போக வேண்டும். அரை இடம், முக்கால் இடம் தள்ளி எடுப்பது நமக்குப் பழக்கம்தானே என்பீர்கள். நம் கீர்த்தனையில் எடுப்பு, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம், ஒரு முறை முடிவானால் அதுவேதான். இங்கே ஒவ்வொரு வரியையும் வேறு வேறு இடத்தில் எடுக்கலாம். அந்தச் சொல் பேச்சில் எப்படி விழுமோ அப்படி. வரிகளைப் பேச்சாகச் சொல்லிப் பழகுங்கள் என்றது இதற்காகத்தான்.

இன்னொன்று. நம் கச்சேரியில் பக்கவாத்தியக்காரர் பாடகரை அனுசரித்துப் போவார், அது அவருடைய பெருமை. இந்த இசையில் நான் பின்தங்கும்போது கிட்டார் எனக்காகக் காத்திருந்தால் எல்லாம் போச்சு. குரல் தளர்வதும் கட்டைவிரல் தளராமல் இருப்பதும் சேர்ந்துதான் அந்த அழகு. என் கூட்டாளி எவ்வளவு கருணை உள்ளவராக இருந்தாலும் மேடையில் எனக்காக ஒரு மாத்திரைகூட நிற்க மாட்டார். அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

கமகத்தையும், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவதையும், விட வேண்டும். போசா நோவா இசையமைப்பாளர் ஜோபிமும் நியூட்டன் மென்டோன்சாவும் எழுதிய 'ஒற்றை ஸ்வர சாம்பா'வில், பாடுகிறவர் ஒரே ஸ்வரத்தில் நிற்பார், கீழே கார்ட்கள் ஒவ்வொன்றாக மாறும். அந்த மாற்றத்தால் அதே ஸ்வரம் ஒரு முறை இனிக்கும், ஒரு முறை கசக்கும். நான் அங்கே ஸ்வரத்தை அசைத்தால் என் கூட்டாளியின் நான்கு விரல் செய்கிற வேலை யாருக்கும் கேட்காது. இருவர் மட்டும் இருக்கிற மேடையில் ஒருவர் அடங்கினால்தான் மற்றவர் தெரிவார்.

மேடையில் நான் அவருடைய வலது கை தெரிகிற கோணத்தில் உட்காருவேன். அந்தக் கையின் நகங்கள்தான் எங்கள் முதலீடு. சிறு அரமும் உப்புத்தாளும் எப்போதும் அவர் பையில் இருக்கும். நகம் உடைந்தால் டேபிள் டென்னிஸ் பந்திலிருந்து ஒரு துண்டு வெட்டி, அடியில் பசை வைத்து ஒட்டிக்கொண்டு வாசிப்பார். கிட்டார்காரர்கள் பலர் செய்கிற வேலைதான் இது. ஒலியமைப்பாளரிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான்: எதிரொலியைக் குறையுங்கள்.

*பிரேசில் இசை என்றாலே இறகு வைத்த உடைதான் நினைவுக்கு வருகிறது. நீங்களும் அப்படி உடுத்துவதுண்டா? – வாசகி, சேலம்*

இல்லை. ஒரு விழா அமைப்பாளர் பச்சை மஞ்சளில் இறகு உடை கேட்டார். அந்த உடை கார்னிவல் ஊர்வலத்தில் ஆடுகிறவர்களுக்கு உரியது, அதற்கென்று ஆண்டு முழுக்க உழைக்கும் சாம்பா பள்ளிகள் இருக்கின்றன, உட்கார்ந்து மெதுவாகப் பாடுகிறவளுக்கு அது பொருந்தாது என்று சொன்னேன். அந்த நிகழ்ச்சி கைவிட்டுப் போனது. பருத்திப் புடவையிலோ சாதாரண கவுனிலோதான் பாடுகிறேன்.

*இதை வைத்துப் பிழைக்க முடிகிறதா? – வாசகர், நாகப்பட்டினம்*

பிரான்சில் மேடைக் கலைஞர்களுக்கென்று ஒரு தனி ஏற்பாடு உண்டு. 12 மாதத்தில் 507 மணி நேர வேலை காட்டினால், நிகழ்ச்சி இல்லாத நாட்களுக்கு உதவித்தொகை கிடைக்கும். 'கஷே' எனப்படும் ஒரு நிகழ்ச்சிச் சம்பளம் 12 மணி நேரமாகக் கணக்காகும். ஆக 43 நிகழ்ச்சிகள், அதுவும் முறைப்படி சம்பளச் சீட்டு தருகிற இடங்களில். தொப்பி சுற்றிக் காசு வாங்கும் சின்ன பார்களில் பாடுவது இந்தக் கணக்கில் வராது. ஆனாலும் பாடுவோம், பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஐந்து பேர் கொண்ட குழுவுக்குக் கொடுக்க முடியாத கடைக்காரர் இரண்டு பேருக்குக் கொடுப்பார், அது எங்களுக்கு வசதி. நிகழ்ச்சி முடிந்ததும் 'சாசெம்' என்ற உரிமைத்தொகை அமைப்புக்குப் பாட்டுப் பட்டியல் போக வேண்டும். எழுதியவர் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் நிரப்புவது என் பொறுப்பு. அந்தப் பணம் உரியவரிடம் போய்ச் சேர வேண்டுமே!

*கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு எதைச் சொல்வீர்கள்? – வாசகி, காரைக்கால்*

பிரேசில் பாடகி நாரா லியாவோவிலிருந்து தொடங்குங்கள். போசா நோவா பிறந்ததே ரியோவின் கோபகபானாவில் அவர் வீட்டு வரவேற்பறையில் என்பார்கள். 1964-ல் பிரேசிலில் ராணுவ ஆட்சி வந்தது. கலைஞர்கள் பலர் வெளிநாடு போனார்கள்: கயெட்டானோ வெலோசோவும் ஜில்பெர்ட்டோ ஜில்லும் லண்டனுக்கு, நாரா பாரிசுக்கு. அங்கே 1971-ல், டூக்கா என்ற பிரேசில் பெண் கலைஞரின் கிட்டாரை மட்டும் துணையாக வைத்துக்கொண்டு பழைய போசா நோவா பாடல்களைப் பதிவு செய்தார். 'பத்தாண்டுகளுக்குப் பிறகு' என்று பெயரிட்ட இரட்டை இசைத்தட்டின் முதல் தட்டு அது. அதே ஆண்டில் டூக்கா பிரெஞ்சுப் பாடகி பிரான்சுவாஸ் ஆர்டிக்கும் ஓர் ஆல்பம் முழுக்கக் கிட்டார் வாசித்தார், அதன் மெட்டுகளில் பெரும்பாலானவை அவருடையவை. ஒரே கிட்டார், ஒன்று ஊரை விட்டு வந்த குரலோடு, இன்னொன்று உள்ளூர்க் குரலோடு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். வேற்று மொழிப் பாடகிக்கு டூக்கா எவ்வளவு இடம் விட்டு வாசிக்கிறார் என்று கவனியுங்கள்.

பிறகு பாஹியாவின் டோரிவல் கய்மி. மீனவர்களைப் பற்றித் தானே எழுதி, தானே கிட்டார் வாசித்துப் பாடியவர், கனத்த குரல். கடலுக்குப் போனவர் திரும்புவாரா என்று காத்திருப்பவர்களின் பாட்டுகள் அவை. காரைக்காலில் இருக்கிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.