யூடியூபில் எல்லாம் கிடைக்கும்போது பழைய கர்நாடக இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்ப்பதில் என்ன பயன்? இலங்கையில் இருப்பவர் எப்படித் தொடங்கலாம்?

எல்லாம் கிடைக்கிறது என்பதிலேயே எனக்கு முதல் ஐயம். இணையத்தில் உள்ள பழைய பதிவுகளுள் பெரும்பகுதி, தட்டை வைத்திருந்தவர் தம் கருவியை எந்த வேகத்தில் ஓட்டினாரோ அந்த வேகத்திலேயே ஏற்றப்பட்டது. அந்த வேகம் பாடகர் பாடிய சுருதியைத் தருகிறதா என்று பார்த்துச் சரிசெய்தவர்கள் மிகச் சிலரே. நான் திருகோணமலையில் இருந்துகொண்டு, நிமிடத்துக்கு 78 முறை சுழலும் ‘78 சுற்று’த் தட்டுகளைச் சேர்ப்பவன். என்னிடம் உள்ளவை ஓர் அலுமாரியின் இரண்டு அறைகளுக்குள் அடங்கிவிடும் என்பதால் பெரிய சேகரிப்பாளர்களின் வரிசையில் என்னை வைக்க வேண்டாம். ஆனால் கேட்பதற்காகவே சேர்ப்பவன் என்ற முறையில் இக்கேள்விக்கு ஒரு விடை வைத்திருக்கிறேன்: தட்டு கையில் இருந்தால்தான், நாம் கேட்பது உண்மையில் அந்தக் கலைஞரின் குரல்தானா என்று சோதித்துப் பார்க்கும் உரிமை நம்மிடம் இருக்கும்.

78 சுற்று என்று எல்லாவற்றையும் ஒரே பெயரால் அழைத்தாலும், 1925ஆம் ஆண்டில் மின்முறை ஒலிப்பதிவு (மைக் வைத்துப் பதிவது) அறிமுகமாவதற்கு முந்திய தட்டுகள் நிமிடத்துக்கு 70 சுற்று முதல் 82 சுற்று வரை பல வேகங்களில் பதியப்பட்டவை. வேகத்தில் ஏறத்தாழ 6 வீத வேறுபாடு வந்தால் சுருதியில் அரைக்கட்டை, அதாவது ஆர்மோனியத்தில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் உள்ள தூரம், மாறிவிடும். 74 சுற்றில் பதிந்த ஒன்றை 78இல் ஓட்டும்போது, பாடியவர் கிட்டத்தட்ட அரைக்கட்டை ஏறிப் பாடியதுபோல ஆகிறது, காலப்பிரமாணம் (பாட்டின் நடை) விரைகிறது, நிதானமாக அசைந்த கமகம் (சுரத்தின் அசைவு) நடுக்கமாகக் கேட்கிறது. ‘அந்தக் காலத்துப் பெண் பாடகர்கள் எல்லோருக்கும் கீச்சுக் குரல்’ என்ற பேச்சில் ஒரு பங்கு இந்த வேகப் பிழையால் வந்தது என்பது என் கருத்து. மறு பங்கு உண்மைதான்; ஒலிபெருக்கி வருமுன் மேடையேறியவர்கள் உயர்ந்த சுருதியில் பாடித்தான் பின்வரிசைக்குக் கேட்கச் செய்தார்கள். ஆகவே கேட்பவர் ஒவ்வொரு தட்டுக்கும் தனித்தனியே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. பக்கவாத்தியமாக ஆர்மோனியம் இருந்துவிட்டால் நல்ல காலம். அதன் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் சுருதி நிற்க முடியாது என்பதால், வேகத்தை மெல்லக் கூட்டிக் குறைத்து ஏதாவது ஒரு கட்டையில் ஏறத்தாழப் பொருந்தும் இடத்தைப் பிடித்துவிடலாம். அதன்பின் அக்கலைஞர் வழக்கமாகப் பாடிய சுருதியையும் நினைவில் வைத்து, பொருந்தும் இடங்களுள் எது இயல்பானது என்று காதால் தீர்மானிக்க வேண்டும்.

நாடகப் பாடகர் எஸ். ஜி. கிட்டப்பாவின் தட்டுகள் இதற்கு மிகக் கடினமான தேர்வு. ஆண்களுள் மிக உயர்ந்த சுருதியில் பாடியவர் என்று பெயர் பெற்ற அவர் 1933இல், முப்பது வயதுகூட நிறையாமல் மறைந்தார். நெடுந்தட்டு (எல்.பி.) 1948இல்தான் விற்பனைக்கு வந்தது. காந்த நாடா நம் சபாக்களை எட்டியதும் பின்னால்தான். அதனால் மூன்று நிமிடத் தட்டுகளைத் தவிர அவர் குரலுக்கு வேறு சான்றே இல்லை. உயரமாகக் கேட்கிறதே என்று வேகத்தைக் குறைத்தால் அவரை இழந்துவிடுவோம். இயல்பிலேயே உயரம்தானே என்று விட்டுவிட்டாலும் பிழை நேரலாம். கே. பி. சுந்தராம்பாளும் அவரும் நாடகம் நடிக்க இலங்கைக்கு வந்த காலத்திலேயே ஒருவரையொருவர் அறிந்தார்கள் என்பதால், அந்தத் தட்டுகளைக் கையில் எடுக்கும்போது நம்மவர்களுக்குச் சற்றுக் கூடுதலான உரிமை தோன்றுவது இயல்பு.

மூன்று நிமிடம் என்பதையும் குறையாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்தைச் சற்றுத் தாண்டும். பன்னிரண்டு அங்குலத் தட்டு நான்கு நிமிடத்தைச் சற்றுத் தாண்டும். கோயில் வீதியில் இரவு முழுவதும் ஒரே இராகத்தை நாதசுரத்தில் வாசிக்கக்கூடிய டி. என். இராஜரத்தினம் பிள்ளை போன்றவரை இந்த அளவுக்குள் அடைத்தால் என்ன மிஞ்சும் என்று கேட்பவர்கள், அவருடைய தோடி ஆலாபனையைத் தட்டில் கேட்டுப் பார்க்கட்டும். எடுப்பிலேயே தோடி நிற்கிறது. எதை விடலாம், எதை விடவே முடியாது என்று அவர் முடிவுசெய்திருக்கிறார். அந்த முடிவைக் கேட்பதே தனிச் சுவை. கிருதிகளில் இதே நெருக்கடி வேறுவிதமாகத் தெரியும். நிரவல் (ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடுவது) அநேகமாக இராது, சுரம் சில ஆவர்த்தனங்களுடன் (தாளச் சுற்றுகளுடன்) நிற்கும், கடைசிச் சரணம் சில வேளை ஓட்டமாக முடியும். ஓட்டத்தைப் பொறுத்துக்கொள்ளாதவர்களுக்குத் தட்டுச் சேகரிப்பு ஒத்துவராது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்.

கூம்புக்குள் பாடிப் பதிந்த காலத்துக்கும் மைக் வந்த காலத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் அறிந்துகொண்டு கேட்க வேண்டும். 1902இல் கல்கத்தாவில் ஒலிப்பதிவாளர் பிரெட் கைஸ்பேர்க் பதிவுசெய்த இந்துஸ்தானிப் பாடகி கௌஹர் ஜான், பாடி முடித்ததும் தம் பெயரை உரக்கச் சொல்கிறார். மூலப்பதிவுகள் ஜெர்மனியின் ஹனோவருக்குக் கப்பலில் சென்று அங்கே அச்சாகின; அங்கிருந்த தொழிலாளர்கள் யாருடைய பாட்டு என்று அறிய அந்தக் குரல் உதவியது. அக்காலத்தில் எங்கள் பக்கத்தில் பாடிய கோயம்புத்தூர் தாயி போன்றவர்களின் தட்டுகளிலும் குரல் முன்னே வந்து நிற்கும். மிருதங்கத்தின் தொப்பியை (கீழ்நாதம் தரும் பக்கத்தை) அநேகமாக ஊகித்துத்தான் கேட்க வேண்டும், ஏனெனில் கூம்பு கீழ்நாதத்தைப் பிடிக்காது. வீணை தனம்மாளின் வாசிப்பு நமக்குத் தட்டில் கிடைத்திருப்பது, அவர் 1930களில், மைக் வந்த பிறகு, முதுமையில் வாசித்ததனால்தான். வெள்ளிக்கிழமை மாலைகளில் வீட்டில் சிலர் மட்டும் மூச்சை அடக்கிக் கேட்ட அந்த மென்மையான மீட்டல், தட்டு செய்யப்பட்ட அரக்கின் இரைச்சலுக்குக் கீழே இழையாக ஓடுகிறது. இரைச்சலை நீக்கிய பதிவுகளில் இரைச்சலோடு மீட்டின் கார்வையும் (நீளும் நாதமும்) போய்விடுகிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டால் யூடியூப் பற்றிய உங்கள் கேள்விக்கு நான் விடை சொல்லத் தேவையிராது.

இலங்கையில் எங்கே தேடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் பகுதியில் முதலில் போக வேண்டிய இடம், ஒருகாலத்தில் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவர்களின் வீடு. திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் விடியற்புறத்தில் நாதசுரத் தட்டுப் போட்டு ஊரை எழுப்பியவர்கள் அவர்கள். உப்புவெளிப் பக்கத்தில் அப்படி ஒரு பெரியவரிடம் நான் வாங்கிய தட்டுகளின் லேபிள்மேல் வெள்ளை மையால் அவருடைய வரிசை எண் எழுதப்பட்டிருக்கிறது. இருட்டிலும் அவசரத்திலும் எடுப்பதற்காக அவர் செய்த ஏற்பாடு. “தம்பி, இதுகள் எல்லாம் கோயில் பாத்த தட்டுகள். தேஞ்சுபோச்சு, ஆனா நாதம் கிடக்கு” என்றார். அவர் சொன்னது சரி. இரும்பு ஊசி வரித்தடத்தின் சுவரை ஒரு குறிப்பிட்ட ஆழத்தில்தான் அரைக்கிறது. அதைவிடச் சற்றுப் பருத்த அல்லது மெலிந்த ஊசியைப் போட்டால் அது தேயாத மட்டத்தில் உராய்ந்து, போய்விட்டது என்று நினைத்த நாதசுரச் சீவாளியின் கூர்மையைக்கூட ஓரளவு மீட்டுத் தருகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே, மங்கி நரைத்துப்போன தட்டை உடனே தள்ளிவிடாதீர்கள்.

பழைய வீடுகளைப் பற்றி நம்பிக்கையை மட்டாக வைத்துக்கொள்வது நல்லது. வடக்கு கிழக்கில் எத்தனையோ குடும்பங்கள் உடுத்த துணியோடு இடம்பெயர்ந்தன. அரக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் எவரும் இருந்திருக்க மாட்டார். எஞ்சியவற்றையும் பழைய சாமான் வாங்குபவர்கள் கொண்டுபோய்விட்டார்கள். இங்கே கடற்படைத் தளம் 1957 வரை பிரித்தானியரிடம் இருந்ததாலோ என்னவோ, கர்நாடகத் தட்டுகளைத் தேடிப் போன இடத்தில் மேல்நாட்டுச் செவ்வியல் தட்டுகள் அகப்படுவதும் உண்டு. ஒரு சிம்பொனிக்குப் பல தட்டுகள் தேவைப்பட்டதால் அவை தொகுதியாகவே விற்கப்பட்டன. தொகுதியில் ஒன்று குறைந்தாலும் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

வாங்கும்போது லேபிளைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். ‘கிராமபோன் அண்ட் டைப்ரைட்டர்’ என்ற நிறுவனப் பெயர் இருந்தால் அது 1907ஆம் ஆண்டுக்கு முந்திய காலத்தைச் சேர்ந்தது. எழுதும் தேவதை உருவம் பொறித்தவை எச்.எம்.வி.யின் நாய்ப்படத் தட்டுகளுக்கு முந்தியவை. மிகப் பழைய தட்டுகள் ஒரு பக்கம் மட்டுமே ஒலிக்கும். இருபக்கத் தட்டு 1908 அளவில்தான் இந்தியாவில் பரவியது. லேபிளுக்கும் கடைசி வரிக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தில் பொறித்த எண்ணைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள்; லேபிள் கிழிந்தாலும் அந்த எண்ணைக்கொண்டு தட்டை அடையாளம் காணலாம். விளிம்பில் நகத்தை ஓட்டி விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பதும், சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்து நரைப்பைப் பார்ப்பதும் அரை நிமிட வேலை. பழையதெல்லாம் அரியது என்று விலை சொல்பவரிடம் வாக்குவாதம் வேண்டாம். அதிகம் விற்ற தட்டுகள் இன்றும் நிறையக் கிடைக்கின்றன. விற்காமல் போன தட்டே இன்று அரிது, ஆனால் அதன் சங்கீதமும் நன்றாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

கருவியைப் பற்றியும் ஒரு சொல். சாவி முறுக்கும் கிராமபோனின் ஒலிப்பெட்டி நூறு கிராமுக்கு மேற்பட்ட பாரத்தை ஊசியில் இறக்குகிறது. ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்று மாற்றினாலும் தேய்மானம் உண்டு. நன்றாக விற்ற, மீண்டும் கிடைக்கக்கூடிய தட்டுகளை அதில் போட்டு மகிழலாம்; அந்த ஒலிக்கு ஓர் உடல் இருக்கிறது, மறுக்க மாட்டேன். அரியவற்றுக்கு, வேகத்தைக் கூட்டிக் குறைக்க வசதியுள்ள மின்சுழல்மேசையும் 78க்கென்று செய்த ஊசியும் வேண்டும். அதன் பாரம் சில கிராம்தான். நெடுந்தட்டின் ஊசி முனை ஏறத்தாழ 25 மைக்ரோன். 78க்கு உரியது 75 மைக்ரோன் அளவு. நெடுந்தட்டின் ஊசியை 78 சுற்றுத் தட்டில் போட்டால் அது தடத்தின் அடியில் தூசியைக் கிளறிக்கொண்டு போகும்.

திருகோணமலையில் தட்டை வைத்துக் காப்பாற்றுவது தனிக் கலை. நடு ஆண்டில் கச்சான் காற்று அனல் வீசும்போது, படுக்க வைத்த தட்டு தன் பாரத்திலேயே வளையும். மாரியில் பூஞ்சணம் பிடிக்கும். கடற்காற்று ஊசி டப்பாவையும் கிராமபோன் வில்லையும் துருவாக்கும். தட்டுகளைச் செங்குத்தாக, நெருக்கமாக, வெளிச்சுவரில் ஒட்டாத அலுமாரியில் அடுக்குங்கள். பழைய கடதாசி உறையை மாற்றுங்கள். அதில் எழுத்து இருந்தால் எறியாமல் தனியே வையுங்கள். பூஞ்சணத்தைப் பற்றரிக்கு ஊற்றும் வடிநீரில் ஒரு சொட்டு மென்சவர்க்காரம் கலந்து, லேபிள் நனையாமல், வரியோடு வட்டமாகத் துடைத்து, வெறும் வடிநீரால் மீண்டும் துடைத்து, நிழலில் நிமிர்த்தி உலரவிடுங்கள். ஸ்பிரிட்டை அண்டவே விடக் கூடாது. அரக்கு அதில் கரையும். வினைலுக்கு என்று கடையில் விற்கும் சுத்தப்படுத்தும் திரவங்கள் சிலவற்றிலும் ஸ்பிரிட் இருப்பதால் போத்தலைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

தொடங்குபவருக்கு என் ஆலோசனை, 1930களின் பிற்பகுதியிலும் 1940களிலும் வந்த நாதசுர, வாய்ப்பாட்டுத் தட்டுகளில் ஆரம்பியுங்கள் என்பதே. அரியக்குடி இராமானுஜ ஐயங்கார், முசிரி சுப்பிரமணிய ஐயர், ஜி. என். பாலசுப்பிரமணியம், டி. கே. பட்டம்மாள் எல்லோரும் அந்தக் காலத்தில் நிறையப் பதிந்திருக்கிறார்கள். மின்முறைப் பதிவு என்பதால் வேகச் சிக்கலும் குறைவு. ஓட்டும் முதல் தடவையிலேயே கணினியில் பதிந்துவிடுங்கள். எந்த வேகம், எந்த அளவு ஊசி, தட்டில் பொறித்த எண் என்ன என்பவற்றைக் கோப்போடு எழுதி, இரைச்சல் நீக்காத மூலத்தைத் தனியே வையுங்கள். ஈழத்தமிழர் தொடர்பான பதிவு அகப்பட்டால் நூலகம் நிறுவனத்தாருடன் பேசிப் பாருங்கள். ஆவணங்களை எண்ணிமமாக்கிக் காப்பவர்கள் அவர்கள், ஒலிப்பதிவுகளையும் ஏற்கிறார்கள்.