பார்டரில் இருக்கும் தம்பியிடம் போனில் என்ன பேசுவது?

கேள்வி: என் தம்பி ராணுவத்தில், இப்போது காஷ்மீரில் இருக்கிறான். ஊரில் பங்காளிகளோடு நிலத் தகராறு. லீவு முடிந்து போனதிலிருந்து சரியாகப் பேசுவதில்லை. போன வாரம், "நான் இல்லாட்டியும் உங்களுக்குப் பணம் வரும்க்கா" என்றான். பயமாக இருக்கிறது.
- வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்: பயப்பட வேண்டிய பேச்சுதான். இன்றே கூப்பிடுங்கள். "ஏன்டா அப்படிச் சொன்னே? செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் இல்லாத நினைப்பைக் கிளப்பிவிடுவோமோ என்று தயங்க வேண்டாம், அப்படி ஆவதில்லை. ஆமாம் என்றால், "அம்மாவை நினைச்சியா" என்று ஆரம்பிக்காதீர்கள். அவர் பேசி முடிக்கட்டும்.

அடுத்து, உடன் இருக்கும் ஆளைப் பிடியுங்கள். ராணுவத்தில் இரண்டிரண்டு பேரை ஜோடியாகச் சேர்த்துவிடுவார்கள். அந்த ஜோடிக்காரர் நம்பர் உங்களிடம் இருக்க வேண்டும். சாகும் எண்ணம் இருப்பது தெரிந்தால் அவரிடமும் கம்பெனி கமாண்டரிடமும் உடனே சொல்லுங்கள். தனியாக விடாமல், ஆயுதம் இல்லாத வேலைக்கு மாற்ற அவர்களால்தான் முடியும். "கேட்டகிரி (ராணுவத்தின் மருத்துவத் தகுதித் தரம்) இறங்கிடும்" என்று தம்பி கோபப்படலாம். அந்தப் பயம் பொய்யில்லை, ஆனால் அதைப் பிறகு சரிசெய்து கொள்ளலாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி சேவை) எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். படையினருக்கும் குடும்பத்தாருக்கும் என்றே புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் 2023 டிசம்பரில் அதன் தனிப் பிரிவு தொடங்கியது.

அப்புறம் தினசரிப் பேச்சு. சான்பிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர், தொடர்சிகிச்சை வேண்டாம் என்ற 843 பேரில் ஒரு பாதிக்கு மட்டும் அவ்வப்போது நாலு வரிக் கடிதம் அனுப்பிவந்தார். நலம் விசாரிப்பு, அவ்வளவுதான், பதில்கூடக் கேட்கவில்லை. கடிதம் போனவர்களிடையே தற்கொலை குறைந்தது, குறிப்பாக முதல் இரண்டு ஆண்டுகளில். உங்களுக்கு வாட்ஸ்அப் இருக்கிறதே. எருமை கன்று போட்டதா, ஒரு போட்டோ. "ஏன் பதில் போடலை" என்று மட்டும் கேட்காதீர்கள்.

நிலப் பிரச்சினையை மறைக்காதீர்கள். ஆனால் அதைச் சுமக்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். யூனிட் அதிகாரி மூலம் கலெக்டருக்குக் கடிதம் எழுதச் சொல்லலாம். வழக்கு நடந்தால், படைவீரர் வர முடியாத சில சூழல்களில் விசாரணையை நிறுத்திவைக்க 1925ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். பணியில் இருப்பவர் குடும்பமும் அங்கே போகலாம். மனு கொடுத்த ரசீதைப் போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பிவிடுங்கள்.