ஸ்போர்ட்ஸ் பைக்: பணம் கட்டும் முன்னும் பின்னும்

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஸ்போர்ட்ஸ் பைக் பற்றியவை. அவற்றை மட்டும் சேர்த்து எடுத்துக்கொண்டேன்.

கே: அப்பாச்சி ஆர்ஆர் 310-ல் இன்ஜினைத் திருப்பி வைத்திருக்கிறார்களாமே? விளம்பரப் பேச்சா, பயன் உண்டா? (கல்லூரி மாணவர், ஓசூர்)

உண்மையாகவே திருப்பித்தான் வைத்திருக்கிறார்கள். வழக்கமான பைக்கில் காற்று சிலிண்டருக்குப் பின்பக்கமாக நுழையும். புகை முன்பக்கமாக வெளியேறி, இன்ஜினுக்கு அடியில் வளைந்து பின்னால் வரும். டி.வி.எஸ்ஸும் பி.எம்.டபிள்யூவும் கூட்டாகக் கொண்டுவந்த இந்த 312 சி.சி. இன்ஜினில் சிலிண்டர் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. காற்று முன்னாலிருந்து நுழைகிறது, புகை நேராகப் பின்னால் போகிறது. இதனால் இன்ஜினை முன்சக்கரத்துக்கு நெருக்கமாகத் தள்ளி வைக்க முடிகிறது. இரண்டு சக்கரங்களுக்கும் இடையிலான தூரத்தைக் கூட்டாமலே, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மை நீளமாகப் போடவும் இடம் கிடைக்கிறது. சட்டென்று திரும்பவும் வேண்டும், ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது பின்பக்கம் அலையாமலும் இருக்க வேண்டும் என்றால் இந்த இரண்டும் சேர்ந்து வேண்டும். உங்கள் ஊர் ஆலையில் செய்யும் வண்டி அது, பெருமையாகவே ஓட்டிப் பாருங்கள். டெஸ்ட் ரைடு தராமல் அட்வான்ஸ் கேட்டால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள்.

கே: என் யமஹா ஆர்15-க்கு 100 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் பிக்அப் கூடும் என்கிறார் பங்க் ஊழியர். போடலாமா?

போட வேண்டாம், பிக்அப் ஏறாது. ஆக்டேன் என்பது பெட்ரோலின் பலம் இல்லை. அழுத்தும்போது தானாகப் பற்றி வெடிக்காமல் தாக்குப்பிடிக்கும் குணம். 155 சி.சி. ஆர்15 இன்ஜின் பெட்ரோல்-காற்றுக் கலவையை 11.6 மடங்கு அழுத்துகிறது. அதில் எழும் சூட்டைத் தணிக்கத்தான் ரேடியேட்டர். வண்டிக் கையேட்டில் சொன்ன பெட்ரோல் போதும்.

கே: ஆன்லைனில் ஒரு சைலன்சர் வாங்கி மாட்டினேன். ஆக்சிலரேட்டரை விட்டால் படபடவென்று வெடிக்கிறது, மைலேஜும் போச்சு. பெட்டியில் ‘பந்தயத் தளத்துக்கு மட்டும்’ என்று போட்டிருந்தது. பணம் திரும்பக் கிடைக்குமா?

பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுத்தானே மாட்டினீர்கள்? கிடைக்காது. கம்பெனி சைலன்சருக்குள் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறது. அதைக் கணக்கில் வைத்துத்தான் இன்ஜினின் கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து விடுகிறது. குழாயை மட்டும் மாற்றினால் அந்தக் கணக்கு கெடும். சத்தத்துக்கும் புகைக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. பழையதை எடுத்து மாட்டுங்கள்.

கே: பின்னால் 130 மி.மீ. அகல டயர் இருந்தது. பெரிய பைக் மாதிரி தெரியட்டும் என்று 160 போட்டேன். இப்போது வளைவில் வண்டி படுக்க மறுக்கிறது. டயர் மோசமா?

டயர் நல்ல டயர்தான். உங்கள் ரிம்முக்கு அது பொருந்தாது. பத்து வருஷமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னும் வாரம் ஒரு கடிதமாவது வருகிறது.

ரிம்மின் உள்பக்கம் ‘17 x எம்டி 3.50’ என்பது போல அச்சிட்டிருக்கும். கடைசி எண் ரிம்மின் அகலம், அங்குலத்தில். 130 டயர் அந்த 3.50-ல் சரியாக உட்காரும். 160 டயருக்கு நாலரை அங்குலமாவது வேண்டும். ஒடுங்கிய ரிம்மில் திணித்தால் டயரின் இரண்டு விளிம்பும் உள்பக்கம் இழுபட்டு, வட்டமாக இருக்க வேண்டிய முதுகு கூம்பிப்போகும். அகலத்துக்குக் காசு கொடுத்தீர்கள். நேராகப் போகும்போது ரோட்டைத் தொடுவதோ குறுகலான ஒரு பட்டைதான். சந்தேகம் இருந்தால் ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய டயரைத் தடவிப் பாருங்கள். நடுவில் இரண்டு விரல் அகலம் வழவழ என்று இருக்கும், பக்கங்களில் புது டயரின் ரப்பர் முடி அப்படியே நிற்கும்.

டயர் கூம்பும்போது உயரமும் ஏறுகிறது. பின்பக்கம் உயர்ந்தால், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் சாய்வு மாறும். அந்தச் சாய்வை ஒரு டிகிரிக்கும் குறைவான கணக்கில் சோதித்து முடிவு செய்கிறவர்கள் வடிவமைப்பாளர்கள். போதாததற்கு, கனமான டயரைச் சுற்றவும் நிறுத்தவும் அதே சின்ன இன்ஜினும் அதே பிரேக்கும்தான். சில வண்டிகளில் செயினே டயரில் உரசும். டயரை விற்றவர் ரிம்மைக் குனிந்து பார்த்தாரா? என் கோபம் உங்கள் மேல் பாதிதான், மீதி அவர் மேல்.

கே: ‘ஒரே ஓனர், அடிபடாத வண்டி’ என்று நம்பி, பழைய பைக் கடையில் 1,60,000 ரூபாய்க்கு வாங்கினேன். வண்டியின் சட்டமான சேசிஸ் வளைந்திருக்கிறது என்கிறார் மெக்கானிக். அப்பாவின் சேமிப்பு சார் அது. (திருச்சி)

மனசுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது, தம்பி. நானும் இதே இடத்தில் ஏமாந்தவன். புதுப் பெயின்ட் பளபளப்பைப் பார்த்து ஒரு 150 சி.சி. ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கினேன். மூன்று வாரம் ஆகியும் ஹேண்டில்பார் இடப்பக்கமே இழுத்தது. மெக்கானிக் டார்ச் அடித்து, ஹேண்டில் திரும்பி முட்டும் இடத்தில் இருக்கும் சின்ன இரும்பு முட்டுக்கட்டையைக் காட்டினார். நசுங்கி, வெல்டு வைத்து, மேலே பெயின்ட் பூசியிருந்தார்கள். நான் புகார் எதுவும் கொடுக்கவில்லை, நஷ்டத்துக்கே விற்றேன். நீங்கள் அப்படி விட்டுவிடாதீர்கள்.

விளம்பரத்தையும் வாட்ஸ்அப் பேச்சையும் இன்றே சேமியுங்கள். வண்டியை ரிப்பேருக்கு விடும் முன் வளைவைப் படம் எடுத்து, மெக்கானிக்கிடம் எழுத்தில் வாங்குங்கள். கடைக்கு ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியுங்கள். மசியவில்லை என்றால் திருச்சியிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். கடையில் வாங்கியது உங்களுக்குச் சாதகம். தனி ஆளிடம் வாங்கியிருந்தால் சிவில் நீதிமன்றம் போக வேண்டியிருக்கும்.

கே: ‘புது டயர்’ என்று இந்த வருஷம் வாங்கினேன். பக்கவாட்டில் 2319 என்று இருக்கிறது. என்ன அர்த்தம்?

2019-ம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. திருப்பிக் கொடுங்கள். பில்லின் நகலை மட்டும் நீட்டுங்கள், அசல் உங்களிடமே இருக்கட்டும்.