குரல் மூடிக் கேட்கிறதா? முதலில் கீபோர்டைக் கவனியுங்கள்

கேள்வி: கணினியில் பாட்டு மிக்ஸ் செய்கிறேன். பெண் குரல், கிட்டார், கீபோர்டு, பேஸ், டிரம்ஸ். குரலை சோலோவில் (தனியாக) கேட்டால் பளிச்சென்று இருக்கிறது. எல்லாம் சேர்ந்து ஓடும்போது போர்வைக்குள்ளிருந்து பாடுவது போலக் கேட்கிறது. ஈக்யூ (ஒலியின் தாழ், நடு, உச்சப் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) ப்ரீசெட்கள், அதாவது முன்பே செய்துவைத்த அமைப்புகள், பலவற்றைப் போட்டுப் பார்த்தும் பலனில்லை. விலை கூடிய ஈக்யூ ப்ளக்-இன் (துணை மென்பொருள்) வாங்கினால் சரியாகுமா?

பதில்: வாங்காதீர்கள். சோலோவில் பளிச், கூட்டத்தில் மங்கல் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். குரல் கெட்டுப்போகவில்லை, வேறொன்று அதை மறைக்கிறது. மறைப்பதைக் கண்டுபிடிக்க எந்த ப்ளக்-இன்னும் வேண்டாம்.

எல்லா ஈக்யூவையும் பைபாஸில் போடுங்கள், அதாவது தற்காலிகமாக விலக்கிவையுங்கள். ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்து, பாட்டில் நெரிசல் அதிகமான பகுதியை லூப்பில் ஓடவிடுங்கள். குரல் ஃபேடரை (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் பட்டை) 2 டெசிபல் ஏற்றிப் பாருங்கள். தெளிந்துவிட்டால் வேலை முடிந்தது. இல்லையென்றால் மற்ற டிராக்குகளை ஒவ்வொன்றாக மியூட் செய்யுங்கள். எதை நிறுத்தியதும் குரல் சட்டென்று முன்னால் வருகிறதோ, அதுதான் ஆள். பெரும்பாலும் நீட்டி ஒலிக்கும் கீபோர்டு பேடாக இருக்கும்.

ஈக்யூவை அந்த டிராக்கில் போடுங்கள், குரலில் அல்ல. 300 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பெல் (மணி வடிவ வளைவு), க்யூ (வளைவு எவ்வளவு குறுகல் என்று காட்டும் எண்) 1, 3 டெசிபல் குறைப்பு. சொற்கள் புரிவதற்கு 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி மிக முக்கியம். அதனால் 2,500 பக்கத்தில் இன்னொரு பெல், 2 டெசிபல் குறைப்பு. குரல் கூடவே ஓடும்போதுதான் இதைச் செய்ய வேண்டும். அதன்பின் கீபோர்டைத் தனியாகக் கேட்டால் சோகையாகத் தெரியும். விட்டுவிடுங்கள், கேட்பவர் யாரும் அதைத் தனியாகக் கேட்கப்போவதில்லை.

இதற்குப் பிறகு குரலுக்கு வேலை கொஞ்சம்தான். 12 டெசிபல் சரிவுள்ள ஹை-பாஸை (தாழ்ந்த ஒலிகளை வெட்டும் வடிகட்டி) மெல்ல மேலே நகர்த்துங்கள். குரல் மெலியத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, சற்றுக் கீழே இறக்குங்கள். பெண் குரலுக்குப் பொதுவாக 100 ஹெர்ட்ஸ் பக்கம் வந்து நிற்கும். மினுமினுப்பு வேண்டுமானால் 10,000 ஹெர்ட்ஸில் ஷெல்ஃப் (அதற்கு மேலுள்ள பகுதி முழுவதையும் சேர்த்து மாற்றும் வளைவு), 2 டெசிபல் ஏற்றம். ‘ஸ’ குத்தத் தொடங்கினால் ஈக்யூவால் அடக்கப் பார்க்காமல் டீ-எஸ்ஸர் (‘ஸ’ ஒலி குத்தும்போது மட்டும் அடக்கும் கருவி) போடுங்கள்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு ஒரு சோதனை கட்டாயம். எதையாவது ஏற்றினால் ஒலியளவும் கூடும். கூடிய ஒலியைக் காது ‘நல்ல ஒலி’ என்று எடுத்துக்கொள்ளும். 1 டெசிபல் வித்தியாசமே ஏமாற்றப் போதும். ஆகவே ஈக்யூவின் அவுட்புட் குமிழைத் திருப்பி, பைபாஸிலும் பைபாஸ் இல்லாமலும் ஒரே அளவு கேட்கும்படி வைத்துவிட்டு ஒப்பிடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு பொத்தானைப் பலமுறை அழுத்தி, எது எது என்று மறந்தபின் தேர்ந்தெடுங்கள்.

ப்ரீசெட் வியாபாரம் பெரும்பாலும் இந்த ஏமாற்றத்தில்தான் ஓடுகிறது. போட்டவுடன் சத்தம் கூடுகிறது, ‘ஆகா’ என்கிறோம். அதைச் செய்தவர் உங்கள் பாடகியின் குரலைக் கேட்டதில்லை. என்ன மைக், உங்கள் கீபோர்டு எந்த அலைவரிசையில் உட்கார்ந்திருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியாது. பிறகு எதை வைத்து 3,200 ஹெர்ட்ஸில் 4 டெசிபல் ஏற்றினார்? ‘இந்த ஈக்யூ இல்லாமல் மிக்ஸே வராது’ என்று சொல்லும் காணொளிகளின் கீழே உள்ள இணைப்பையும் பாருங்கள். பல இடங்களில் அது கமிஷன் இணைப்பு. நீங்கள் வாங்கினால் காணொளி போட்டவருக்குப் பங்கு. ‘இன்று மட்டும் தள்ளுபடி’ அடுத்த மாதமும் வரும். கற்க வருகிறவரை வாடிக்கையாளராக மட்டும் பார்க்கும் இந்த ஏற்பாடு எரிச்சலூட்டுகிறது. ரீப்பரின் ரீஈக்யூ, லாஜிக்கின் சேனல் ஈக்யூ, ஏபிள்டனின் ஈக்யூ எய்ட் என, மென்பொருளோடு வருவதே இந்த வேலைக்குப் போதும். க்யூ எண்ணை ஒவ்வொரு ப்ளக்-இன்னும் ஒவ்வொரு விதமாகக் கணக்கிடுவதால், ஒரே எண்ணைப் போட்டாலும் ஒலி மாறும். ஆனால் வளைவுகளைச் சரியாகப் பொருத்திவிட்டால் இரண்டு சாதாரண டிஜிட்டல் ஈக்யூக்களுக்கு இடையே காதுக்கு வித்தியாசம் தெரியாது. திருட்டு நகல் பக்கம் போகவே வேண்டாம், நிறுவும் கோப்போடு வைரஸும் வரக்கூடும்.

குறுகிய பெல்லை 12 டெசிபல் ஏற்றி அங்குமிங்கும் இழுத்து ‘கெட்ட இடம்’ தேடும் பழக்கத்தையும் விடுங்கள். அவ்வளவு ஏற்றினால் எந்த இடமும் ஊளையிடத்தான் செய்யும்.

ஒரே ஒரு இடத்தில் ‘டிராக் டிராக்காக ஈக்யூ’ என்பது பொருந்தாது. உங்கள் கிட்டார் இரண்டு மைக்கில் பதிவாகியிருந்தால், ஒன்றில் மட்டும் ஹை-பாஸ் போடாதீர்கள். சாதாரண ஈக்யூ அளவை மட்டும் மாற்றுவதில்லை, அலையின் கட்டத்தையும் (ஃபேஸ், அதாவது அலை எப்போது மேலே போகிறது, எப்போது கீழே இறங்குகிறது என்பது) நகர்த்துகிறது. 100 ஹெர்ட்ஸில் 24 டெசிபல் சரிவுள்ள பட்டர்வொர்த் வகை ஹை-பாஸ், அந்த 100 ஹெர்ட்ஸில் அலையை 180 டிகிரி திருப்பிவிடும். அதாவது ஒரு மைக் மேலே தள்ளும்போது மற்றது கீழே இழுக்கும், அடிநாதம் கரைந்துபோகும். 200 ஹெர்ட்ஸில்கூட 80 டிகிரிக்குப் பக்கத்தில் விலகல் மிச்சமிருக்கும். குரலை நகலெடுத்துப் பக்கத்தில் ஓடவிட்டாலும் இதே கதைதான். இரண்டையும் ஒரு பஸ்ஸுக்கு (பல டிராக்குகள் ஒன்றுசேரும் பொது டிராக்) அனுப்பி, ஈக்யூவை அங்கே போடுங்கள். தனித்தனியாகத்தான் போட வேண்டுமென்றால் லீனியர் ஃபேஸ் (எல்லா அலைகளையும் ஒரே அளவு தாமதப்படுத்தும்) முறைக்கு மாற்றுங்கள். அதில் தாமதம் கூடும். கிக் டிரம்மில் போட்டால் அடி விழுவதற்கு முன்பே மெல்லிய முன்னொலி கேட்கக்கூடும். எனவே அதை எல்லா டிராக்கிலும் பரப்ப வேண்டாம்.

கீபோர்டைச் சரிசெய்த பிறகும் குரல் மூடியே இருந்தால், பாடகி மைக்கை ஒட்டி நின்று பாடியிருக்கலாம். ஒருதிசை மைக்குகளில் வாய் நெருங்க நெருங்க அடிப்பகுதி ஊதும். 200 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை 3 டெசிபல் குறைத்துப் பாருங்கள். அதற்கு மேல் குறைக்க வேண்டியிருந்தால், 15 முதல் 20 சென்டிமீட்டர் தள்ளி நிற்கவைத்து மறுபடி பதிவு செய்வதே சுருக்கமான வழி.