லினக்ஸில் கேமிங்: கார்டு, டிரைவர், ஆன்டி-சீட், டி டிரைவ் – கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது. என்னோடது 7-வது தலைமுறை ஐ5, 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1060. விண்டோஸ் 11 ஏறாது. லினக்ஸ் போட்டா ஸ்டீம்ல வாங்கின கேம் எல்லாம் ஓடுமா? எந்த டிஸ்ட்ரோ போடலாம்?

பதில்: டிஸ்ட்ரோவை, அதாவது எந்த வகை லினக்ஸ் என்பதை, பிறகு பார்க்கலாம். நீங்கள் உண்மையிலேயே ஆடும் கேம்களை எழுதி வைத்து, ஒவ்வொன்றையும் புரோட்டான்டிபி தளத்தில் தேடுங்கள். விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்ட ஸ்டீம் தரும் மென்பொருள் புரோட்டான்; அதில் எந்த கேம் எப்படி ஓடுகிறது என்று ஆடுபவர்கள் எழுதும் தளம் இது. பிளாட்டினம், கோல்டு என்ற முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம். கடந்த சில மாதங்களில், உங்கள் கார்டை வைத்திருப்பவர்கள் எழுதிய பதிவுகளைப் படியுங்கள். தனியாக ஆடும் கேம்களில் பெரும்பாலானவை ஓடிவிடும். விண்டோஸின் கிராபிக்ஸ் முறையான டைரக்ட்எக்ஸில் 11 வரை உள்ளவற்றை டிஎக்ஸ்விகேயும், 12-ஐ விகேடி3டி-புரோட்டானும் லினக்ஸிலும் இயங்கும் வல்கன் என்ற கிராபிக்ஸ் முறைக்கு மாற்றித் தருகின்றன. இரண்டும் புரோட்டானுக்குள்ளேயே இருப்பதால் தனியாக எதுவும் நிறுவ வேண்டாம்.

உங்கள் கார்டில்தான் கவனம் தேவை. 1060 பாஸ்கல் தலைமுறை. அதற்கான கடைசி என்விடியா டிரைவர் வரிசை 580. 590-இல் பாஸ்கல் கிடையாது. 2025 டிசம்பரில் ஆர்ச் லினக்ஸ் தன் முதன்மை என்விடியா பேக்கேஜை 590-க்கு மாற்றியபோது, அறிவிப்பைப் படிக்காமல் அப்டேட் செய்த பாஸ்கல்காரர்களுக்கு டெஸ்க்டாப்பே வரவில்லை. ஆகவே ஆர்ச் வழி வந்தவற்றைத் தவிர்த்து லினக்ஸ் மின்ட் 22 அல்லது உபுன்டு 24.04 போடுங்கள். டிரைவர் மேனேஜரில் 580-ஐத் தேர்ந்தெடுங்கள்.

செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் பாதுகாப்பு) இயங்கிக்கொண்டிருந்தால், டிரைவர் நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும். ரீபூட் ஆனதும் நீலத் திரை ஒன்று சில நொடிகள் காத்திருக்கும். அதில் ‘என்ரோல் எம்ஓகே’ கொடுத்து அதே பாஸ்வேர்டை அடிக்க வேண்டும். பயந்துபோய் ‘கன்டினியூ பூட்’ கொடுத்தால் டிரைவர் ஏறாது. ‘நிறுவினேன், ஆனால் கேம் 3 எஃப்பிஎஸ்ஸில் ஓடுகிறது’ என்று வரும் புகார்கள் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

இன்னொன்று: பாஸ்கலில் டைரக்ட்எக்ஸ் 12 கேம்கள் விண்டோஸில் ஓடிய வேகத்தைவிட நன்றாகவே குறையும். கேமுக்குள் 11-க்கு மாற்ற வழி இருந்தால் முதல் வேலையாக மாற்றிவிடுங்கள்.

கேள்வி: வாலரன்ட், ஏபெக்ஸ், ஜிடிஏ ஆன்லைன் – இந்த மூணும் ஓடினா போதும் ப்ரோ.

பதில்: மூன்றுமே ஓடாது. வாலரன்ட்டின் வேன்கார்டு, விண்டோஸின் மையமான கெர்னலுக்குள் உட்காரும் ஆன்டி-சீட், அதாவது கள்ள ஆட்டத்தைத் தடுக்கும் மென்பொருள், புரோட்டானால் அதற்கு ஈடுகட்ட முடியாது. 2024 மே மாதம் அதே வேன்கார்டு லீக் ஆஃப் லெஜண்ட்ஸுக்கும் வந்தது. அதுவரை ஒயினில் (புரோட்டானுக்கு அடிப்படையான மென்பொருள்) ஓடிய கேம் அதோடு போனது. ஏபெக்ஸ் லினக்ஸில் நன்றாக ஓடிக்கொண்டிருந்ததுதான், 2024 அக்டோபர் கடைசியில் இஏ நிறுவனமே கதவை மூடியது. ஜிடிஏ 5-இன் கதைப் பகுதி ஓடும். ஆன்லைனில் 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ என்ற ஆன்டி-சீட் சேர்ந்தபின் உள்ளே விடாது.

பேட்டில்ஐ, ஈஸி ஆன்டி-சீட் இரண்டுமே 2021 முதல் புரோட்டானில் வேலை செய்யக்கூடியவை. கேமைத் தயாரித்தவர்கள் அனுமதிக்க வேண்டும், அவ்வளவுதான். அனுமதிக்காததை லினக்ஸின் குறையாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் ஆட வேண்டிய உங்களுக்கு அந்த வாதம் உதவாது. வர்ச்சுவல் மெஷினில் போட்டு ஏமாற்றப் பார்க்காதீர்கள், அக்கவுன்ட் தடைபடலாம். இந்த மூன்றும்தான் வேண்டும் என்றால் விண்டோஸிலேயே இருங்கள். கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 போதுமென்றால் இரண்டுக்கும் நேரடி லினக்ஸ் பதிப்பு உண்டு.

கேள்வி: விண்டோஸும் லினக்ஸும் வச்சிருக்கேன். கேம் எல்லாம் டி டிரைவ்ல, என்டிஎஃப்எஸ். லினக்ஸ் ஸ்டீம்ல அந்த ஃபோல்டரைச் சேர்த்தேன், கேம் பட்டியல்ல தெரியுது. பிளே அழுத்தினா ‘ஸ்டாப்’னு மாறி ரெண்டு நொடியில திரும்ப ‘பிளே’ ஆயிடுது. பிழைச் செய்தியும் வரல.

பதில்: விண்டோஸின் டிஸ்க் ஃபார்மேட்டான என்டிஎஃப்எஸ்ஸின் வழக்கமான அடையாளம் இது. ஒவ்வொரு கேமுக்கும் புரோட்டான் ஒரு போலி விண்டோஸ் ஃபோல்டரை உருவாக்கும். ஸ்டீம்ஆப்ஸ் ஃபோல்டருக்குள் காம்பேட்டேட்டா என்று இருப்பது அதுதான். அதனுள் ‘சி’யும் முக்காற்புள்ளியும் சேர்ந்த பெயரில் ஒரு சிம்லிங்க் (வேறிடத்தைச் சுட்டும் குறுக்குவழி) இருக்கும். விண்டோஸில் ஃபைல் பெயருக்குள் முக்காற்புள்ளி வரக்கூடாது. சில டிஸ்ட்ரோக்கள் என்டிஎஃப்எஸ் டிரைவை மவுண்ட் செய்யும்போதே (இணைக்கும்போதே) அப்படிப்பட்ட பெயர்களைத் தடுத்துவிடும், கேம் தொடங்காமல் நின்றுவிடும். தடுக்காத டிஸ்ட்ரோவில் இன்று ஓடும். பிறகு விண்டோஸ் டிஸ்க் செக் ஓட்டும்போது அதைப் பழுது என்று கருதிக் கை வைக்கலாம்.

அதோடு விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால், ஷட்டவுன் செய்தாலும் டிரைவ் பாதி உறக்கத்தில் இருக்கும். லினக்ஸ் அதைப் படிக்க மட்டும் திறக்கும், அல்லது திறக்கவே மறுக்கும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய் அதை அணையுங்கள்.

காம்பேட்டேட்டாவை மட்டும் லினக்ஸ் பகுதிக்கு சிம்லிங்க் செய்து ஒப்பேற்றலாம். நான் பரிந்துரைப்பது அதையல்ல. லினக்ஸ் கேம்களுக்குத் தனியாக ஒரு எக்ஸ்ட்4 (லினக்ஸின் டிஸ்க் ஃபார்மேட்) பார்ட்டிஷன். ஃபார்மேட் செய்ததும் அதன் உரிமை ரூட் என்ற நிர்வாகப் பயனரிடம் இருக்கும், அதனால் ஸ்டீம் ‘எழுத முடியவில்லை’ என்று அடம்பிடிக்கும். சோன் (chown) கட்டளையால் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பூட் ஆகும்போது இணைக்க வேண்டிய டிரைவ்களின் பட்டியலான எஃப்எஸ்டேப்பில் சேர்க்கும்போது யுயுஐடி (டிரைவின் தனி அடையாள எண்) கொடுங்கள், ‘நோஃபெயில்’ என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். அது இல்லாமல் டிரைவைக் கழற்றிவிட்டால் அடுத்த பூட் எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும். பழைய கேம்களைத் திரும்ப டவுன்லோடு செய்ய வேண்டாம். ஸ்டீம்ஆப்ஸுக்குள் காமன் என்ற ஃபோல்டரில் உள்ள கேமை, புதிய லைப்ரரியில் அதே இடத்தில் நகலெடுத்து இன்ஸ்டால் கொடுங்கள். இருக்கும் ஃபைல்களைச் சரிபார்த்து, குறைவதை மட்டும் இறக்கும்.

கேள்வி: ‘ப்ராசஸிங் வல்கன் ஷேடர்ஸ்’னு அரை மணி நேரம் ஓடுது. அணைச்சிடலாமா?

பதில்: ஷேடர் என்பது கார்டு படம் வரையப் பயன்படுத்தும் சிறு நிரல்; ஆட்டத்தின் நடுவே திக்காமல் இருக்க ஸ்டீம் அதை முன்கூட்டியே தயார் செய்கிறது. ஸ்கிப் கொடுக்கலாம். டிரைவர் புதிதாக இருந்தால் டிஎக்ஸ்விகே 2.0-க்குப் பிறகு திக்கல் வெகுவாகக் குறைந்துவிட்டது. செட்டிங்ஸில் முழுதாக அணைப்பதற்குமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: சில கேம்களின் கட்சீன் வீடியோக்களை வால்வ் மறு-என்கோடு செய்து இந்த ஷேடர் டவுன்லோடோடுதான் அனுப்புகிறது. அணைத்தபின் கட்சீன் வரும் இடத்தில் பழைய டிவி போல வண்ணப் பட்டைகள் மட்டும் தெரிந்தால் காரணம் இதுதான். திரும்ப இயக்குங்கள், இல்லையென்றால் அந்த கேமுக்கு மட்டும் ஜிஇ-புரோட்டான் (வால்வுக்கு வெளியே மாற்றியமைக்கப்பட்ட புரோட்டான்) போடுங்கள்.

கேள்வி: லினக்ஸ் பதிப்பு இருக்கிற கேமுக்கும் புரோட்டான் போடலாமா?

பதில்: தாராளமாக. சில நேரடிப் பதிப்புகள் கைவிடப்பட்டு ஆண்டுகள் ஆகின்றன. ப்ராப்பர்ட்டீஸில் காம்பேட்டிபிலிட்டி போய் புரோட்டானைத் தேர்ந்தெடுங்கள். சேவ் ஃபைல் இருக்கும் இடம் மாறும், முதலில் நகல் எடுத்து வையுங்கள்.

கேள்வி: ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி வாங்கி 4கே 120 ஹெர்ட்ஸ் டிவியில மாட்டப் போறேன். லினக்ஸுக்கு ஏஎம்டிதான் நல்லதுன்னு சொல்றாங்க.

பதில்: மானிட்டருக்கு என்றால் நானும் அதையே சொல்வேன். டிரைவர் லினக்ஸ் கெர்னலிலும் மீசா என்ற திறமூல கிராபிக்ஸ் தொகுப்பிலும் இருப்பதால் தனியாக நிறுவ எதுவுமில்லை. கெர்னலும் மீசாவும் புதிதாக இருக்க வேண்டும், ஃபெடோரா அல்லது பஸைட் டிஸ்ட்ரோவைப் பாருங்கள். கெர்னல் 6.8-ஓடு நிற்கும் டிஸ்ட்ரோவில் மாட்டினால், சிஸ்டம் தகவலில் கார்டின் பெயருக்குப் பதில் ‘எல்எல்விஎம்பைப்’ என்று காட்டும். அப்படியென்றால் படம் வரைவது பிராசசர், கார்டு சும்மா இருக்கிறது.

டிவி என்றால் நிலைமை வேறு. ஏஎம்டியின் திறமூல டிரைவரில் எச்டிஎம்ஐ 2.1 சேர்க்கும் முயற்சியை, அந்தத் தரத்தை வகுக்கும் எச்டிஎம்ஐ ஃபோரம் ஏற்கவில்லை என்பது 2024 பிப்ரவரியில் தெரியவந்தது. கார்டில் போர்ட் இருந்தும் 2.0-இன் 18 ஜிபிபிஎஸ்ஸோடு நின்றது அதனால்தான். அந்த அளவில் 4கே 60 முழு நிறத்தோடு வரும். 120 வேண்டுமென்றால் நிறத் தகவலை 4:2:0-க்குக் குறைக்க வேண்டும், டெஸ்க்டாப்பில் எழுத்துகளின் ஓரம் கலங்கித் தெரியும். டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ 2.1-க்கு மாற்றும் ஆக்டிவ் அடாப்டர் ஒரு வழி, ஆனால் விஆர்ஆர் (கேமின் வேகத்துக்கேற்பத் திரையின் வேகம் மாறும் வசதி) அதில் நம்பகமாக வராது. பெரிய டிவியில் மட்டுமே ஆடுவீர்கள் என்றால் என்விடியா வாங்குங்கள். அவர்கள் டிரைவரில் எச்டிஎம்ஐ 2.1 வேலை செய்கிறது.

கேள்வி: கெர்னல் 6.14-ல வந்த என்டிசிங்க்கால வேகம் பல மடங்கு கூடும்னு செய்தி பார்த்தேன். இப்பவே மாறணுமா?

பதில்: அவசரமே இல்லை. கேமின் பல வேலைகளை ஒன்றோடொன்று ஒத்திசைக்க கெர்னல் தரும் உதவிதான் என்டிசிங்க். அந்தப் பெரிய எண்கள் எந்த உதவியும் சேர்க்காத வெறும் ஒயினோடு ஒப்பிட்டவை. புரோட்டானில் இதே வேலைக்கான எஃப்சிங்க் பல ஆண்டுகளாக இருக்கிறது, அதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சொற்பம். எஃப்சிங்க்கில் தொங்கி நிற்கும் ஒன்றிரண்டு கேம்கள் உங்களிடம் இருந்தால் என்டிசிங்க்கை முயன்று பாருங்கள். மற்றவர்கள் டிஸ்ட்ரோ அப்டேட்டில் வரும்போது வாங்கிக்கொண்டால் போதும்.

கேள்வி: உபுன்டு ஆப் சென்டர்ல இருந்து ஸ்டீம் போட்டேன். இன்னொரு டிரைவ் தெரியவே இல்ல.

பதில்: அது உபுன்டுவின் ஸ்னாப் வடிவப் பேக்கேஜ். அதை வால்வ் தயாரிப்பதில்லை, சாண்ட்பாக்ஸுக்குள் (மற்றவற்றிலிருந்து பிரித்த கூண்டு) இருப்பதால் வெளி டிரைவ்களைத் தொடுவதிலும் சிக்கல். நீக்கிவிட்டு ஸ்டீம் தளத்தில் கிடைக்கும் டெப் ஃபைலை நிறுவுங்கள். நீக்குமுன் கேம் ஃபோல்டர்களை வெளியே எடுத்து வையுங்கள், ஸ்னாப்போடு சேர்ந்து அவையும் போய்விடும்.