500 ராண்டில் வேட்டைக் கத்தி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

தென்னாப்பிரிக்காவில் வேட்டைக் காலம் தொடங்கும் மே மாதம் நெருங்கினால் கத்திக் கேள்விகள் குவியும். இந்த முறையும் அப்படித்தான். ஆனால் பாதிக் கடிதங்களில் எதற்குக் கத்தி, கையில் எவ்வளவு பணம், எந்த ஊர் என்ற மூன்றுமே இல்லை. டர்பன் கடற்கரையில் இருப்பவருக்கும் ஃப்ரீ ஸ்டேட்டில் இருப்பவருக்கும் ஒரே பதிலை எப்படிச் சொல்வது? அடுத்த முறை மூன்றையும் எழுதிவிடுங்கள்.

நண்பர்களோடு முதன்முறையாக இம்பாலா வேட்டைக்குப் போகிறேன். 500 ராண்டு ஒதுக்கியிருக்கிறேன். மடக்காத கத்தியாக ஒன்று சொல்லுங்கள். (சாட்ஸ்வர்த்)

எல்லாம் எழுதியிருக்கிறீர்கள், நன்றி. மோரா கம்பானியன், ஸ்டெயின்லெஸ் அலகு. ஸ்வீடன் நாட்டுக் கத்தி. அலகு 10 செ.மீ., கனம் இரண்டரை மி.மீ. விலை கடைக்குக் கடை மாறும், ஆனாலும் நீங்கள் சொன்ன தொகையைச் சுற்றித்தான் இருக்கும். பிளாஸ்டிக் உறை, ரப்பர் பிடி, பார்த்தால் விளையாட்டுச் சாமான் போல இருக்கும். கடைக்காரர் பக்கத்திலிருக்கும் பெரிய கத்தியைக் காட்டி ஆசை மூட்டுவார். மயங்காதீர்கள். இம்பாலா என்பது ஐம்பது கிலோ மான். அதைத் திறக்கவும் தோலுரிக்கவும் நான்கு அங்குலத்துக்கு மேல் அலகு வேண்டியதில்லை. அலகு நீண்டால் நுனி எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியாது. வயிற்றைத் திறக்கும்போது அது குடலைக் குத்தினால் இறைச்சி கெட்டுவிடும், அன்று முழுக்க நண்பர்களிடம் பேச்சு வாங்க வேண்டியதுதான்.

தோலை வெளியிலிருந்து அறுக்காதீர்கள். சின்னதாக ஒரு திறப்பு போட்டு, கூர்ப்பக்கம் மேலே பார்க்கும்படி உள்ளிருந்து வெளியே கீறுங்கள். மானின் முடியும் அதில் ஒட்டியிருக்கும் மண்ணும் எந்தக் கத்தியின் கூர்மையையும் ஐந்து நிமிடத்தில் தின்றுவிடும். வேலை முடிந்ததும் கழுவி, துடைத்து, காய்ந்த பிறகு உறையில் போடுங்கள். ஈரத்தோடு போடக் கூடாது. இதைக் கீழே இன்னும் சில தடவை சொல்வேன்.

நல்ல கத்தி எது? (ஃபீனிக்ஸ்)

எதற்கு?

டிராக்கன்ஸ்பர்க்கில் மூன்று நாள் நடை. கட்டை பிளக்கும் அளவுக்குக் கனமான, முழு இரும்பும் பிடி வரை ஓடும் கத்தி வேண்டும். 6 மி.மீ. கனத்தில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

எந்தக் கட்டையைப் பிளக்கப் போகிறீர்கள்? டிராக்கன்ஸ்பர்க் காப்பகப் பகுதிக்குள் நடைப் பயணிகள் தீ மூட்டத் தடை. சமையலுக்கு கேஸ் அடுப்புதான். குகையில் தங்கினாலும் அதே விதி. அங்கே கத்திக்கு உள்ள வேலை ரொட்டி, சீஸ், வெங்காயம், கயிறு, எப்போதாவது ஒரு பிளாஸ்டர். அரைக் கிலோ இரும்பை இடுப்பில் கட்டிக்கொண்டு அந்த ஏற்றத்தில் ஏறுவது உங்கள் முழங்காலுக்குத்தான் தண்டனை. மேலே சொன்ன மோரா உறையோடு சேர்த்தும் 120 கிராம்தான் வரும்.

தீ மூட்ட அனுமதியுள்ள முகாமுக்குப் போனாலும் விறகு வாசலிலேயே கட்டாக விற்பார்கள். பிளந்துதான் ஆக வேண்டும் என்றால் சின்னக் கோடரி வாங்குங்கள். கத்தி முதுகில் தடியால் அடித்துப் பிளப்பது வீடியோவுக்கு நன்றாக இருக்கும். அதற்குப் பிறகும் அடிக்கத்தான் போகிறேன் என்பவர்களுக்கு, கம்பானியனிலேயே 3.2 மி.மீ. கனமான வகை இருக்கிறது. பணம் இருந்தால் மோராவின் கார்பெர்க், அதில் இரும்பு பிடியின் கடைசி வரை ஓடும். 6 மி.மீ. கத்தியால் தக்காளி கூட நறுக்க முடியாது, நசுக்கத்தான் முடியும்.

அப்பா காலத்திலிருந்து ஒகாபி மடக்குக் கத்திதான். விலையும் மலிவு. அது போதாதா? (லேடிஸ்மித்)

முகாமுக்குப் போதும். ஒகாபி 1902-இல் ஜெர்மனியில் பிறந்த கத்தி, 1988 முதல் நம் நாட்டிலேயே செய்கிறார்கள். கார்பன் இரும்பு, எளிதாகக் கூர் ஏறும். வேட்டைக்கு மட்டும் வேண்டாம். மடிப்புக்குள் ரத்தமும் கொழுப்பும் புகுந்தால் கழுவி எடுக்கவே முடியாது, இரண்டு நாளில் வாடை வரும். வழுக்கும் கையில் மடங்கும் கத்தி விரலுக்கும் ஆபத்து.

சாணை பிடிக்கக் கொடுத்தேன். முதல் நாள் பிளேடு போல இருந்தது. இப்போது ஒரு கோழியை வெட்டுவதற்குள் மழுங்கிவிடுகிறது. கூர்ப்பக்கத்தில் நீலமாக ஒரு கோடும் தெரிகிறது. கத்தியே மோசமா? (டொங்காட்)

கத்தி மோசமில்லை. உங்கள் கத்தியின் பதத்தை எடுத்துவிட்டார்கள். மோட்டார் சக்கரத்தில் சாணை பிடிக்கிறார்களே, அதைப் பற்றி நான் எழுதாத வருடம் இல்லை. எழுதியும் பயனில்லை. என் கத்தியையே ஒரு கடையில், கையில் எடுக்காதீர்கள் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, சக்கரத்தில் வைத்து நெருப்புப் பொறி பறக்க இழுத்துவிட்டு, 'பாருங்கள் எப்படிப் பளபளக்கிறது' என்று சிரித்துக்கொண்டே நீட்டினார்கள். கூலியும் வாங்கினார்கள்.

நடந்தது என்னவென்றால், கத்தி செய்யும்போது இரும்பைச் சிவக்கக் காய்ச்சி, சடாரெனக் குளிரவைத்து, அப்புறம் சுமார் 200 டிகிரியில் மறுபடி சூடாக்கிப் பதப்படுத்துகிறார்கள். அந்தப் பதத்தில்தான் கடினமும் உண்டு, உடையாத தன்மையும் உண்டு. அதற்கு மேல் சூடு ஏறினால் கடினம் போய்விடும். கார்பன் இரும்பு தன் சூட்டை நிறத்தில் காட்டும். 220 டிகிரி வாக்கில் வைக்கோல் நிறம், 260-இல் பழுப்பு, 300-ஐத் தொட்டால் நீலம். கூர்ப்பக்கம் முடி அளவுக்கு மெல்லியது. சூடு ஓடிப்போக அங்கே இரும்பே இல்லை. ஆகவே கையில் பிடித்திருக்கும் இடம் வெதுவெதுப்பாகக் கூட ஆகாது, கூர்நுனி மட்டும் ஒரு நொடியில் நீலமாகிவிடும். இதைவிட மோசம், கெட்டிக்காரர்கள் அந்த நீலத்தையும் பாலிஷ் போட்டு மறைத்துவிடுவார்கள். பிறகு உங்களைப் போல கத்தி செய்தவனைத் திட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சந்தேகம் இருந்தால் சின்ன அரம் ஒன்றை எடுத்து கூர்ப்பக்கத்தில் லேசாக ஓட்டிப் பாருங்கள். பதமுள்ள இடத்தில் அரம் வழுக்கிக்கொண்டு போகும். பதம் போன இடத்தில் பிடித்துக்கொண்டு சுரண்டும்.

சரிசெய்யலாம். நீலம் பெரும்பாலும் ஒன்றிரண்டு மி.மீ. ஆழம்தான் இருக்கும். கரடுமுரடான கல்லில், தண்ணீர் விட்டு, கையாலேயே அந்த அளவு தேய்த்து எடுத்துவிடுங்கள். ஒரு மாலைப் பொழுது போகும், தோள் வலிக்கும். உள்ளே நல்ல இரும்பு காத்திருக்கிறது.

இனிமேல் யாரிடமும் கொடுக்காதீர்கள். இரண்டு பக்கக் கல் 200 ராண்டுக்குள் கிடைக்கும், ஒரு பக்கம் கரடு, மறுபக்கம் மென்மையாக, 1000 எண் வாக்கில். அதுவும் முடியாதா, கார் பெயிண்ட் கடையில் தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள் 400, 800, 1200 எண்களில் வாங்கி, ஒரு கண்ணாடித் துண்டின் மேல் விரித்துத் தீட்டுங்கள். கூர்ச்சரிவில் மார்க்கர் பேனாவால் மை பூசிக்கொள்ளுங்கள். ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தால், மை எங்கே அழிந்தது எங்கே அழியவில்லை என்பதே உங்கள் கோணம் சரியா தப்பா என்று சொல்லிவிடும். ஒரு பக்கம் தீட்டத் தீட்ட மறுபக்கம் மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்டுப்படும். தட்டுப்பட்டதும் பக்கம் மாற்றுங்கள். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் நாலைந்து தடவை பின்பக்கமாக இழுத்தால் பிசிறு விழுந்துவிடும். இரண்டு தகட்டுக்கு நடுவே கத்தியை விட்டு இழுக்கும் 80 ராண்டு சாமான் இருக்கிறதே, அது தீட்டுவதில்லை, சீவுகிறது. ஆனாலும் மோட்டார் சக்கரத்துக்கு அது எவ்வளவோ மேல்.

தாத்தா கரும்புத் தோட்டத்தில் பயன்படுத்திய கத்தி வீட்டில் இருக்கிறது. நல்ல இரும்பு என்கிறார்கள். அதை வெட்டிக் குறுக்கி முகாம் கத்தி ஆக்கலாமா? (வெருலம்)

ஆக்கலாம். ஆனால் ஏன்? அதை எண்ணெய் தடவிச் சுவரில் மாட்டி வையுங்கள். கேட்பதாக இல்லை என்றால், ஆங்கிள் கிரைண்டரில் வெட்டும்போது இரண்டு நொடிக்கு ஒரு முறை வாளித் தண்ணீரில் முக்குங்கள். கையுறை போடாமல் செய்யுங்கள், கை பொறுக்காத சூட்டை இரும்பும் பொறுக்காது. சக்கரத்தில் கையுறை சிக்கும் ஆபத்தும் இருக்காது. கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். நீலம் வந்தால் மேலே உள்ள பதிலை மறுபடி படியுங்கள்.

கார்பன் இரும்புக் கத்தியால் பில்டாங் (ஊறவைத்துக் காயவைக்கும் இறைச்சி) வெட்டினேன். கத்தி கறுத்துவிட்டது, இறைச்சியிலும் இரும்பு வாடை. (ஸ்டாங்கர்)

பில்டாங்கில் வினிகரும் உப்பும் இருக்கின்றன, கறுக்காமல் என்ன செய்யும்? கறுப்பு கெடுதல் இல்லை, சிவப்புத் துருதான் கெடுதல். ஊறப்போடும் இறைச்சிக்கு ஸ்டெயின்லெஸ் கசாப்புக் கத்தி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். விக்டோரினாக்ஸ் மெல்லிய அலகுக் கத்தி போதும். உங்கள் ஊர்க் கடல் காற்றுக்கு முதலிலேயே ஸ்டெயின்லெஸ் வாங்கியிருக்கலாம். கார்பன் இரும்பெல்லாம் கரூ, ஹைவெல்ட் பக்கம் காய்ந்த ஊர்களில் இருப்பவர்களுக்கு.

தோல் உறை அழகாக இருக்கிறதே என்று கூடுதலாக 300 ராண்டு கொடுத்து வாங்கினேன். நான்கு மாதம் அதிலேயே இருந்தது. எடுத்தால் புள்ளி புள்ளியாகத் துரு. (அம்லாங்கா)

தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பதனிடும் மருந்தும் உப்பும் அதில் மிச்சம் இருக்கும். தோல் உறை இடுப்பில் சுமக்க மட்டும். வீட்டுக்கு வந்ததும் கத்தியை வெளியே எடுத்து, மெல்லிய அட்டையில் சுற்றி வையுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் ஒரு சொட்டு போதும், வாயில் பட்டாலும் பாதகமில்லை. சமையல் எண்ணெய் பிசுபிசுத்துப் போகும். ஆயுத பூஜைக்குக் கத்திக்குப் பொட்டு வைப்பவர்கள் மறுநாளே சந்தனத்தைத் துடைத்துவிடுங்கள், அதற்கடியில்தான் முதல் துரு விழும். ஈரத்தோடு உறையில் போடாதீர்கள், இது இரண்டாவது தடவை.

கத்தியை இடுப்பில் கட்டிக்கொண்டு போனால் போலீஸ் பிடிக்குமா? (லெனேசியா)

கத்தி வைத்திருக்க லைசென்ஸ் தேவையில்லை. 2013-ஆம் ஆண்டின் ஆபத்தான ஆயுதச் சட்டம் பார்ப்பது சூழ்நிலையை: எங்கே, எந்த நேரம், எப்படி வைத்திருந்தீர்கள், தவறான காரியத்துக்கு என்று நியாயமாகச் சந்தேகிக்க இடமிருக்கிறதா. வேட்டைப் பண்ணையில் இடுப்பில் இருந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. அதே கத்தியோடு சனிக்கிழமை இரவு மாலுக்குள் நுழைந்தால் கேட்பார்கள், கேட்க வேண்டும். அபராதம் அல்லது மூன்று வருடம் வரை சிறை. போகும் வழியில் சாமான் பைக்குள், உறையோடு, காரின் பின்பக்கத்தில் வையுங்கள். விமானம் என்றால் செக்-இன் பெட்டியில்.

சந்தையில் 'டமாஸ்கஸ்' கத்தி 350 ராண்டு. அலை அலையாகக் கோடு, ஒட்டக எலும்புப் பிடி. வாங்கலாமா? (பினானி)

சுவருக்கு என்றால் வாங்குங்கள். அந்த விலையில் என்ன இரும்பு, யார் பதப்படுத்தியது என்று விற்பவருக்கே தெரியாது. 'சர்ஜிகல் ஸ்டீல்' என்று அலகில் பொறித்ததும் அப்படியே, அது எந்தத் தரத்தையும் சொல்வதில்லை. 12சி27, 440சி, என்690 என்று இரும்பின் வகை எண் போட்டிருந்தால் மேற்கொண்டு பேசலாம்.

குடூ மானின் இடுப்பெலும்பைப் பிளக்கக் கத்தி முதுகில் கல்லால் அடித்தேன். கூரில் பிறைபோல ஒரு துண்டு பெயர்ந்துவிட்டது. கம்பெனி மாற்றிக் கொடுக்குமா? (நியூகாசில்)

கொடுக்காது. கொடுக்கவும் கூடாது. எலும்புக்கு ரம்பம் இருக்கிறது, மடக்கு ரம்பம் 200 ராண்டுதான்.

என் கை சிறியது. கடையில் எடுக்கும் வேட்டைக் கத்திப் பிடியெல்லாம் தடித்தடியாக இருக்கிறது. பெண்களுக்கென்று தனியாக உண்டா? (பெனோனி)

ரோஸ் நிறம் பூசி விலை ஏற்றியவை உண்டு, அவற்றை விடுங்கள். கடைக்குக் குளிர்காலக் கையுறையோடு போய், போட்டும் கழற்றியும் பிடித்துப் பாருங்கள். விரல் நுனிகள் உள்ளங்கையை லேசாகத் தொட வேண்டும், ஆனால் நகம் குத்தக் கூடாது. மோராவிலேயே பழைய மாதிரிச் சிவப்பு மரப்பிடி வகை மெல்லியது. ஆனால் விரல் முன்னே வழுக்காமல் தடுக்கும் முட்டு அதில் பல மாதிரிகளுக்குக் கிடையாது. ரத்த வேலைக்கு முட்டு உள்ளதாகப் பாருங்கள். நிறத்தில் ஆரஞ்சு இருந்தால் அதையே எடுங்கள். பச்சை, பழுப்புக் கத்திகளைப் புல்லில் தேடுபவர்களை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கிறேன்.

மாமனாருக்குக் கத்தி பரிசளிக்கலாமா? வீட்டில் அபசகுனம் என்கிறார்கள். (போர்ட் ஷெப்ஸ்டோன்)

அவரிடம் ஒரு ராண்டு வாங்கிக்கொள்ளுங்கள், விற்றதாக ஆகிவிடும். கையில் கொடுக்காமல் மேசையில் வையுங்கள். உறையைக் காயவைக்கவும் சொல்லிக் கொடுங்கள், மூன்றாவது தடவை.